தானத்தின் வரவைக் கணிக்கும் கலை

புதுச்சேரிப் பகுதியிலுள்ள திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், 1048ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட சாசனமொன்று, 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலையின் போஷணைக்கென 72 வேலி நிலத்தையும், அதிலிருந்து ஆண்டுதோறும் வரவேண்டிய 12,000 கலம் நெல்லையும் நிர்ணயித்துக் கூறுகிறது. நிலம் தரும் வருவாயாதலால் செலவை முன்னதாகவே வகுக்க முடிந்தது. அன்பர்கள் மனமுவந்து அளிப்பதையே ஆதாரமாகக் கொண்டு, 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிவைத்த உணவு வங்கி முறைக்கோ அந்தப் பாக்கியம் இல்லை.

ஆயினும் அத்தகைய வங்கிக்கு அடுத்த வாரத்து வரவை ஊகிக்க எளிய கணக்கொன்று உண்டு. நூறு மூட்டை எதிர்பார்த்த வாரத்தில் நூற்றிருபது வந்தால், மிகுதியான இருபதில் ஐந்திலொரு பங்கை மட்டும் பழைய மதிப்போடு கூட்டி, அடுத்த வாரத்துக்கு நூற்றுநான்கு என்று கொள்வார்கள். சாதாரண காலத்தில் இது நம்பத்தக்க துணை. ஆனால் புயலுக்குப் பிந்திய வாரத்தில் நானூறு மூட்டை வந்து குவிந்தால், இதே கணக்கு அடுத்த வாரத்துக்கு நூற்றறுபது என்று நம்பிக்கையூட்டும். அதற்குள் பத்திரிகைகள் வேறு விஷயத்துக்குத் திரும்பியிருந்தால், வரவு பழைய நூறுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். ஆகையால் ஆபத்துக்கால வரவைத் தனிக் கணக்காகப் பிரித்து, அது எழும் வேகத்தையும் வடியும் வேகத்தையும் வேறாக அளப்பதே முறை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, ஒரு நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழையைப் பொழிந்தது. அடுத்த இரு நாட்களுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணை வழியே பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. அத்தகைய வேளையில் முதலில் வேண்டுவது சோற்றுப் பொட்டலமும் குடிநீரும்; வெள்ளம் வடிந்தபின், வயல் வேலையின்றிக் கூலி இழந்த குடும்பத்துக்கு வாரக்கணக்கில் அரிசியும் பருப்பும் வேண்டும். எனவே மொத்த அளவை மட்டும் கணிப்பது போதாது. பொருளின் வகையையும் கணிக்கவேண்டும். 2004 சுனாமிக்குப்பின் நாகப்பட்டினத்தில் உடுத்துவாரின்றிப் பழந்துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்ததை நாம் கண்டோமல்லவா?

மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் ஆகிய புதுச்சேரிக் கொம்யூன்கள் (உள்ளாட்சிப் பிரிவுகள்) ஒவ்வொன்றும், வந்த பொருள், அதன் அளவு, வந்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு பேரேட்டில் குறித்துவைக்க வேண்டுமென்பது என் உறுதியான எண்ணம். இரண்டு மூன்று புயல்களின் பேரேடுகள் கைக்கு வந்துவிட்டால், எந்த வாரத்தில் தானம் வற்றத் தொடங்குகிறதென்று கணித்து, அந்த வாரத்துக்கான அரிசியை ஐப்பசி பிறக்குமுன்பே வாங்கி வைத்துவிடலாம்.