நீர் சேராத ஈரமகற்றும் பொறி

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. அங்கு புத்தகங்களிற் பூஞ்சணம் படராது காக்கவும், இழுப்புநோயுள்ள பிள்ளைகளின் நலங்கருதியும் வாங்கிவைத்த ஈரமகற்றும் பொறியில் நீர் சேரவில்லையெனின், அது பழுதென்று உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது.

பொறியினுள்ளே குளிர்ந்த குழாய்ச்சுருள் உண்டு. விசிறி இழுக்கும் காற்று அதிற் பட்டதும், நீராவி துளிகளாக ஒடுங்கித் தொட்டியில் வீழும். 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையிலோ 13 கிராம் அளவே. ஆதலாற் குளிரிடத்தில் நீர் குறைதல் இயல்பு. அன்றியும், குளிர் மிகுந்தாற் சுருளிற் பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை அடைக்கும்.

முதலில் ஈரமானியைப் பார்த்தல் வேண்டும். சாரீரப்பதன் 50 வீதமளவில் நின்றால், பொறி தன் கடமையைச் செய்துவிட்டது. 70 வீதத்தை மிஞ்சினால், யன்னல்களை மூடுக. மின்னிணைப்பை நீக்கித் தூசிவடியைக் கழுவி உலர்த்துக. படிந்த பனியை உருகவிடுக. தொட்டி சரியாகப் பொருந்தியுள்ளதா எனவும் நோக்குக. அதன்பின்னும் விசிறி மட்டும் சுழன்று, அமுக்கியின் ஓசை கேளாவிடின், தொழிலறிந்தவரை அழைத்தலே தகும்.

குளிர் நீங்காத மனைக்கு, ஈரமுறிஞ்சும் பொருளைக்கொண்டு இயங்கும் மற்றொரு வகைப் பொறியே ஏற்றது.