மே மாத வாக்கைத் தவறாக வாசிக்க வேண்டாம்

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னர், பாராளுமன்றத் தேர்தலில், அதே கட்சிக்குக் கிடைத்தது 257,813. வடக்கில் தேசிய மக்கள் சக்தியின் ஏற்றம் தணிந்தது. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் பல சபைகளில் முதலிடத்துக்கு வந்தது. கட்சியின் மேல்மட்டம் மூச்சுவிட்டது. மக்கள் திரும்பி வந்துவிட்டார்கள், சலசலப்பு ஓய்ந்துவிட்டது என்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பேச்சை நம்பிக்கொண்டு கட்சி அடுத்த தேர்தலுக்குப் போனால், 2024 நவம்பரில் வாங்கியதைவிடப் பெரிய அடியை வாங்கும்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 2015 பொதுத் தேர்தலில் வீட்டுச் சின்னத்துக்கு 207,577 வாக்கு, ஏழில் ஐந்து ஆசனம். 2020இல் 112,967 வாக்கு, மூன்று ஆசனம். 2024 நவம்பர் 14இல் 63,327 வாக்கு, ஆறில் ஒரே ஆசனம். முதல் இரண்டு தடவையும் வீடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சின்னமாக இருந்தது, மூன்றாவது தடவை தமிழரசுக் கட்சி தனியே நின்றது என்பது சரிதான். பிரிந்து போனவர்கள் சங்குச் சின்னத்தில் எடுத்த இருபதாயிரத்துச் சொச்சத்தைச் சேர்த்தாலும் கணக்கு ஒரு இலட்சத்தைத் தொடாது. மாவட்டத்தில் பதிவான வாக்காளர்களோ ஐந்து இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல். ஒன்பது பேரில் ஒருவர்கூட வீட்டுக்குப் புள்ளடி போடவில்லை.

இந்த வீழ்ச்சிக்கு அநுர அலையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் 2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்கு விழுந்தது 27,086 வாக்குத்தான். ஐம்பத்து நான்கு நாள் கழித்து அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்கு எடுத்து மூன்று ஆசனத்தை வென்றது. இரண்டு மாதத்துக்குள் யாழ்ப்பாணத்தார் கொள்கை மாறிவிட்டார்கள் என்று யாராவது நினைத்தால், செப்டெம்பரிலேயே தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு இதே மாவட்டத்தில் 116,688 பேர் வாக்களித்ததை மறந்துவிட்டார்கள் என்றுதான் பொருள். தமிழ்த் தேசிய வாக்கு ஊரிலேயே இருந்தது. நவம்பரில் அதைக் கேட்டு வந்தவர்கள்மீதுதான் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

இது திடீரென்று வந்த நோயும் அல்ல. 2013 செப்டெம்பரில் வட மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30ஐ மக்கள் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்து நான்கு ஆண்டில், இராணுவம் தெருவுக்குத் தெரு நின்ற காலத்தில் கொடுத்த வாக்கு அது. அடுத்த நான்கு ஆண்டுக்குள், 2017 யூனில், அந்தச் சபையின் முதலமைச்சர்மீது அவரைக் கொண்டுவந்த தரப்பே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் சைக்கிள் சின்னம் வளர்ந்தது, வீடு தேய்ந்தது. அது உள்ளூர்த் தேர்தல், ஆளையும் உள்ளூர்ச் சங்கதியையும் பார்த்துப் போட்ட வாக்கு, இனப்பிரச்சினையில் மக்கள் தீர்ப்பு அதுவல்ல என்று அப்போது சமாதானம் சொல்லப்பட்டது. 2025இல் அதே வகைத் தேர்தலில் வென்றபோது மட்டும் அது தலைமைக்குக் கிடைத்த ஆணை ஆகிவிடுமா?

2020இல் கூட்டமைப்பின் ஆசனம் 16இலிருந்து 10ஆகக் குறைந்தது. கட்சித் தலைவர் மாவை சேனாதிராசாவே யாழ்ப்பாணத்தில் தோற்றார். தோல்விக்குக் காரணம் ஆராய்வதைவிடத் தேசியப் பட்டியல் ஆசனம் யாருக்கு என்ற இழுபறிதான் பெரிதாய்க் கேட்டது. 2023 சனவரியில், நடக்காமலே போன ஓர் உள்ளூராட்சித் தேர்தலை முன்வைத்து, கூட்டமைப்பு உடைந்தது.

பிறகு வந்தது 2024 சனவரி 21. திருகோணமலை நகர மண்டபம். கட்சி தொடங்கி எழுபத்தைந்தாம் ஆண்டில், தலைமைக்குப் போட்டி வைத்து வாக்கெடுத்தது அதுவே முதல் தடவை. சி. சிறீதரனுக்கு 184, எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. மன்னாரிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் பொதுச்சபை உறுப்பினர்கள் வந்து வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள். தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். தென்னிலங்கைக் கட்சிகளில்கூட அரிதான காட்சி என்று பத்திரிகைகள் எழுதின. கீழ்மட்டத் தொண்டனுக்கு அன்றைக்கு வந்த பெருமிதம் போலியானது அல்ல. தன் கையால் ஒரு தலைவரைத் தெரிவு செய்தோம் என்ற எண்ணம் அவனுக்கு அதற்கு முன் வாய்த்ததே இல்லை.

அடுத்த மாதமே விடயம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. பொதுச்சபையில் வாக்களித்தோரின் எண்ணிக்கையும் தகுதியும் கட்சி யாப்புக்கு இணங்க இருந்தனவா என்பதே வழக்கின் சாரம். இடைக்காலத் தடை வந்தது, மாநாடு நின்றது, தெரிவான தலைவர் பதவியேற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். என் கேள்வி அதற்கு முந்தியது. முக்கால் நூற்றாண்டுக் கட்சியிடம், தன் பொதுச்சபையில் யார் உறுப்பினர் என்று ஐயத்துக்கிடமில்லாமல் காட்டக்கூடிய ஒரு பட்டியல் ஏன் இருக்கவில்லை? மூலக்கிளைக் கூட்டம் ஒழுங்காக நடந்து, சந்தாப் புத்தகம் ஒழுங்காக எழுதப்பட்டு, தொகுதிக் கிளைக்குப் பிரதிநிதி முறையாகத் தெரிவாகியிருந்தால் அந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. கீழே வேலை நடக்காததன் விலையை மேலே கட்ட நேர்ந்தது.

அந்த ஆண்டு யூன் 30இல் கூட்டமைப்பின் நீண்டகாலத் தலைவர் இரா. சம்பந்தன் காலமானார். செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய மத்திய குழு ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. பொதுச்சபை தலைவராகத் தெரிவு செய்த சிறீதரனோ பொது வேட்பாளருக்கு வாக்குக் கேட்டார். அந்தப் பொது வேட்பாளரும் தமிழரசுக் கட்சிக்காரரே. ஊரில் துண்டுப்பிரசுரம் கொண்டு போகும் தொண்டன் எந்த வாசலில் எதைச் சொல்வது? கேள்வி கேட்ட வீட்டுக்காரருக்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. வீட்டுக்குள்ளேயே ஏறக்குறைய நடுவால் பிளந்த வாக்கு அது. நவம்பர் வரை அந்தப் பிளவை ஒட்ட எவரும் முயலவில்லை. வேட்பாளர் பட்டியலில் தொடங்கிய புதிய சண்டைதான் இடைவெளியை நிரப்பியது.

நவம்பர் வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது அதில் 44 வரிசை இருந்தது. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாகச் சேர்ந்து ஆறு ஆசனத்துக்கு 396 வேட்பாளர். தமிழ்க் கட்சிகளில் இருந்து பிரிந்தவர்கள், பிரிந்தவர்களிடமிருந்து பிரிந்தவர்கள் என்று அந்த நீளத் தாளைப் பார்த்தாலே ஒரு தலைமுறையின் களைப்பு தெரிந்தது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. வாக்குச்சாவடிக்கு வராதவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு.

தலைமைச் சண்டையைவிட ஆழமான மனத்தாங்கல் ஒன்றும் உண்டு. கட்சி எதை முதலில் வைக்கிறது என்பது பற்றியது அது. 2015க்குப் பின் நல்லாட்சி அரசுக்குக் கூட்டமைப்பு தோள் கொடுத்தது. 2016 முடிவதற்குள் தீர்வு வரும் என்று மேடைகளில் சொல்லப்பட்டது. அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தல் குழு 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை கொடுத்ததோடு அந்த முயற்சி நின்றது. முயன்றதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன்; புதிய யாப்பு ஒன்று வந்திருந்தால் இன்று வேறு கதை எழுதியிருப்போம். ஆனால் கொழும்பில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அதே 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் ஜெனீவாவில் அரசுக்கு மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்தபோது, நிபந்தனையோடு அதற்கு இணங்கிய பக்கத்தில் கூட்டமைப்பு நின்றது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தகரக் கொட்டிலில் இருந்த பெண்ணுக்கு அந்த நிபந்தனைகளின் நுட்பம் எட்டவில்லை. தன் பிரதிநிதி தன் பக்கம் இல்லை என்பது மட்டும் எட்டியது.

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை இன்னொரு சாட்சி. 2024 யூலையில் அங்குள்ள குறைபாடுகளை ஒரு வைத்தியர் பகிரங்கமாகப் பேசினார்; மக்கள் திரண்டு தெருவில் நின்றார்கள். அந்தப் பேச்சின் முறை பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். நான்கு மாதத்தில் அவர் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவில் நின்று பாராளுமன்றம் போனார். மருந்து இல்லாத ஆஸ்பத்திரி, ஆசிரியர் இல்லாத வகுப்பு, இந்திய இழுவைமடி அறுத்துப்போட்ட வலை என்று சனம் நாள் முழுக்கப் பேசும் விடயங்களை அரசியல் தீர்வுக்குக் கீழ்ப்பட்டவையாகக் கட்சி ஒதுக்கி வைத்தது. ஒதுக்கி வைத்த இடத்தில் வேறு ஆள் வந்து நின்றார்.

மட்டக்களப்பு இதற்கு மறுபக்கம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் அதுதான். அங்கே வீட்டுக்கு 96,975 வாக்கு, ஐந்தில் மூன்று ஆசனம். கட்சி ஒன்றே, வழக்கும் ஒன்றே, தலைமைக் குழப்பமும் ஒன்றே. ஆனால் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து தெருவில் இருந்தபோது அவர்களோடு போய் நின்றவர்கள் வேட்பாளர் பட்டியலில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அங்கே மாட்டுக்காரனைப் பார்க்க ஆள் இருந்தது.

2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லையேல் அரச காணியாகிவிடும் என்றது அது. இடம்பெயர்ந்து வெளிநாட்டில் இருப்போரும், போரில் உறுதியைத் தொலைத்தோரும் எப்படி மூன்று மாதத்தில் வந்து நிற்பார்கள்? தமிழரசுக் கட்சி அதைப் பிடித்தது, ஊரூராய் விளக்கியது. சுமந்திரன் உயர் நீதிமன்றம் போய் யூன் இறுதியில் இடைக்காலத் தடையும் பெற்றார். அவர் 2024 நவம்பரில் தோற்றவர்தான். வேலை வேலைதான். மே வாக்கில் ஒரு பங்கு இந்தக் காணிக் கவலையிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

இன்னொரு பங்கு வட்டாரத்திலிருந்து வந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் அறுபது வீத ஆசனம் வட்டார முறையில் போகிறது. வாக்காளர் கண்முன் நிற்பவர் சனசமூக நிலையத்தின் பொருளாளர், கோயில் பரிபாலன சபைக்காரர், செத்த வீட்டுக்கு முதலில் பந்தல் கொண்டுவருபவர். அந்த ஆளுக்குப் போட்ட வாக்கு வீட்டுக் கணக்கில் ஏறியது. அவரே அடுத்த தடவை வாசலுக்கு வராவிட்டால் அந்த வாக்கும் வராது. அவ்வளவு ஏறியும் யாழ் மாநகர சபையின் 45 ஆசனத்தில் வீட்டுக்குக் கிடைத்தது 13, சைக்கிளுக்கு 12. பெரும்பாலான சபைகளில் பிறர் தயவோடுதான் தவிசாளர் கதிரை.

மூலக்கிளைத் தொண்டன் கட்சியை விட்டுப் போகும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவன் அறிக்கை விடுவதில்லை, மறு கட்சி மேடையில் ஏறுவதுமில்லை. முதலில் கூட்டத்துக்கு வருவது நிற்கிறது. பிறகு சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச ஆள் இல்லாமல் போகிறது. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி முகவர் அட்டை நிரப்பப் பெயர் கிடைப்பதில்லை. காலையில் முதியவர்களை ஓட்டோவில் ஏற்றிவரும் கை இல்லை. மேல்மட்டத்துக்கு இது எண்ணிக்கையாக வந்து சேரும்போது தேர்தல் முடிந்திருக்கும்.

வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர்கூட அந்தச் சபைக்கு வாக்களித்ததில்லை, ஏனெனில் அதற்கு நடந்த தேர்தல் 2013இல் நடந்த ஒன்றே. 2024இல் முதன்முதலாய் வாக்குப் போட்ட பிள்ளைக்குப் போர் முடிந்தபோது மூன்று வயது. கட்சியை நிறுவிய செல்வநாயகத்தின் சின்னம் என்பதற்காக அந்தப் பிள்ளை வீட்டைத் தேடாது. மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்பட்டால் அந்த வாக்காளர்கள்தான் முடிவு செய்வார்கள், கட்சிக்குக் கிடைக்கும் அவகாசமும் வேட்புமனுவுக்கு உரிய சில வாரங்கள்தான். அதற்குள் பொதுச்சபை உறுப்பினர் பட்டியலைக் கிளை கிளையாகத் திருத்தி எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும். நீதிமன்றத்தில் இருப்பதை இரு தரப்பும் இணங்கி முடித்து, பதில் பதவிகளில் ஓடும் நிர்வாகத்தை நிறுத்தி, தலைவரை மாநாட்டில் அமர்த்த வேண்டும். வேட்பாளர் பெயர்களை நள்ளிரவில் மூடிய அறையில் எழுதாமல், தொகுதிக் கிளைகளிடம் முன்கூட்டிக் கேட்டு எழுத வேண்டும். மே மாதத்தில் வென்ற பிரதேச சபை உறுப்பினர்களைக் கூட்டி, அவரவர் வட்டாரத்தில் சனம் எதைக் கேட்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டு, அதைத் தேர்தல் அறிக்கையின் முதல் பக்கத்தில் வைக்கலாம். அதற்கு நீதிமன்ற அனுமதியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.