சேற்றுக் காட்டுக்கு ஒரு காவல் இலாகா

மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ஹார்பர் ரயிலில் போகிறவர்கள், கழிமுகச் சேற்றில் நிற்கும் பச்சைப் புதர்களைப் பார்த்திருப்பார்கள். பிச்சாவரத்தில் நாம் அலையாத்தி என்றும் கண்டல் என்றும் சொல்கிறோமே, அதே இனந்தான். மராத்தியில் இந்தக் காட்டுக்குக் ‘காந்தள்வன்’ என்று பெயர். நம் காந்தள் பூவோடு சம்பந்தமில்லை!

இதைக் காப்பதற்கென்றே மகாராஷ்டிர வனத்துறையில் 2012ம் ஆண்டு முதல் தனிப் பிரிவு இருக்கிறது. மேங்குரோவ் செல் என்பார்கள்.

முன்பெல்லாம் உப்புச் சதுப்பு யாருக்கும் வேண்டாத நிலம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கினார்கள். பாந்திரா–குர்லா வளாகமே மித்தி ஆற்றோரச் சதுப்பின்மேல் எழும்பியதுதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி கரை மீறியது. குர்லா, கலீனா பகுதிகள் மூழ்கின. வெள்ளம் பரவி வடிய வேண்டிய இடத்தில் கட்டடங்கள் நின்றன.

அந்த ஆண்டு அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அலையாத்தியை வெட்டக்கூடாது. அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. அரசு நிலத்தில் உள்ளவை வனத்துறை வசம் வரவேண்டும். ஆனால் நிலமோ பல இலாகாக்களின் கையில். ஒப்படைக்க யாருக்கு அவசரம்? 2018ல் நீதிமன்றம் அதையே மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

மலிவு அறை

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இது. ராத்திரியில் லாரி மண் கொட்டும். சில மாதத்தில் தகரக் கொட்டகை முளைக்கும். புரோக்கர் முத்திரைத்தாளில் ஏதோ எழுதிக் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். செயற்கைக்கோள் படத்தில் நேற்றைய பச்சையும் இன்றைய மேடும் தெரிந்துவிடும். புல்டோசர் வரும்போது அங்கே நிற்பவர் வாங்கியவர்தான், விற்றவர் அல்ல. முன்பணம் கொடுக்குமுன் தலாட்டி ஆபீசில் ‘சாத்-பாரா’ பார்த்து, அது வனநிலமா என்று கேளுங்கள். முத்திரைத்தாளை மட்டும் நம்பாதீர்கள்.

பெரிய திட்டங்களுக்கு வழி வேறு. பொதுநலன் என்று காட்டி நீதிமன்ற அனுமதி பெறலாம். புல்லட் ரயிலுக்காகச் சுமார் 22 ஆயிரம் அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஈடாக வேறிடத்தில் நடுவார்கள். நட்ட கன்று அலையைத் தடுக்க எத்தனை வருடமாகுமோ!

தாணே கழிமுகத்தில் மட்டும் நல்ல செய்தி. 2015ல் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று. 2022ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஐரோலியில் வனத்துறையின் மையம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் வரலாம்.