நூறு பேரில் எத்தனை பேர்?

நம் நாட்டு மக்களில் 100 பேரை வரிசையாக நிற்க வைப்போம். "எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று சொல்வோம். எத்தனை கைகள் உயரும்?

73 கைகள் உயரும். 27 கைகள் உயராது.

இது 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்ன கணக்கு. சென்சஸ் என்கிறோமே, அதுதான். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து எழுதுவார்கள். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனா நோயால் தள்ளிப் போனது. அதனால் 2011 கணக்கையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

எழுத்தறிவு பெற்றவர் என்று யாரைச் சொல்கிறார்கள்? 7 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு மொழியில் எழுதவும் படிக்கவும் தெரிய வேண்டும். படித்தது புரியவும் வேண்டும். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரவு வகுப்பில் லாந்தர் வெளிச்சத்தில் கற்றவரும் இந்தக் கணக்கில் உண்டு. நீங்களும் உண்டு.

யார் அந்த 27 பேர்?

எழுத்தறியாதவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. மக்களைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் 100 பேரை எடுத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

ஆண்கள் – 81 பேர்
பெண்கள் – 65 பேர்
நகரத்து மக்கள் – 84 பேர்
கிராமத்து மக்கள் – 68 பேர்
தாழ்த்தப்பட்ட மக்கள் – 66 பேர்
பழங்குடி மக்கள் – 59 பேர்
முஸ்லிம் மக்கள் – 69 பேர்

ஒருவர் தலையில் ஒரு சுமை இருந்தால் நடப்பது கடினம். இரண்டு சுமை இருந்தால்? பழங்குடியில் பிறந்தவர், அதோடு பெண். அவர்களில் 100 பேருக்கு 49 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். நகரத்தில் வாழும் ஆண்களில் 100 பேருக்கு 89 பேர். நாடு ஒன்றுதான். வித்தியாசம் 40 பேர்.

சிலருக்குப் படிப்பு ஏறாதா?

"அவங்களுக்குப் படிப்பு ஏறாதுங்க. அது பரம்பரைக் குணம்" என்று சிலர் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிடுகிறோம். வகுப்புக்கு வருகிறவர்களே, "எங்க வம்சத்துக்கே படிப்பு வராது" என்று சொல்வது உண்டு. இது உண்மையா? கணக்கையே கேட்போம்.

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மிசோரம் என்ற மலை மாநிலம் இருக்கிறது. அங்கே 100 பேரில் 94 பேர் பழங்குடிகள். 2011இல் அங்கே 100க்கு 91 பேர் எழுத்தறிந்தவர்கள். பழங்குடிக்குப் படிப்பு ஏறாது என்றால், மிசோரத்தில் எப்படி ஏறியது?

கேரளத்துக்கு மேற்கே கடலில் லட்சத்தீவு இருக்கிறது. அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்கே 100க்கு 92 பேர் எழுத்தறிந்தவர்கள்.

கேரளப் பெண்களில் 100க்கு 92 பேர் எழுத்தறிந்தவர்கள். பீகார்ப் பெண்களிலோ ஏறக்குறையப் பாதிப் பேர்தான். இங்கேயும் பெண்கள், அங்கேயும் பெண்கள். மூளை ஒன்றுதான். கிடைத்த வாய்ப்புதான் வேறு.

கதவு மூடியிருந்தது

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? காரணங்கள் பல.

முதல் காரணம் தடை. பல நூறு ஆண்டுகள் தாழ்த்தப்பட்ட மக்களையும் பெண்களையும் எழுத்தின் பக்கமே விடவில்லை. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகப் படித்தபோது, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார முடியவில்லை. வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோய் அதன்மேல் தனியாக உட்கார்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் அமெரிக்காவிலும் லண்டனிலும் டாக்டர் பட்டம் பெற்றார். நம் அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவரானார்.

சாவித்திரிபாய் புலே என்ற அம்மையார் கல்யாணத்துக்குப் பிறகுதான் கணவர் ஜோதிராவிடம் எழுத்துக் கற்றார். 1848இல் இருவரும் பூனா நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பாடம் சொல்லித்தரப் போன அந்த அம்மையார் மேல் சேற்றையும் சாணியையும் வீசினார்கள். அவர் நிறுத்தவில்லை.

இரண்டாவது காரணம் மொழி. வீட்டில் சந்தாலி பேசும் குழந்தை பள்ளிக்குப் போகிறது. அங்கே வாத்தியார் இந்தியில் பேசுகிறார். குழந்தை விழிக்கிறது. "மக்குப் பிள்ளை" என்று பெயர் வருகிறது. மிசோரத்தில் 1894இல் இரண்டு ஆங்கிலேயப் பாதிரிகள் மிசோ மொழிக்கு எழுத்து அமைத்தார்கள். மக்கள் தங்கள் சொந்த மொழியிலேயே படித்தார்கள். எழுத்து வேகமாகப் பரவ இது பெரிய காரணம்.

மூன்றாவது காரணம் வறுமை. மராட்டியத்தில் பீட் என்ற வறண்ட மாவட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கிருந்து ஏராளமான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகின்றன. பல மாதம் வெளியூரில்தான் குடிசை. பிள்ளைகளையும் கூட்டிப் போனால் படிப்பு அறுந்துவிடும். ஊரிலேயே இருக்கும் குடும்பங்களிலும் தம்பி தங்கையைத் தூக்கிச் சுமப்பது யார்? தண்ணீர் எடுப்பது யார்? பெரும்பாலும் பெண்பிள்ளைதான்.

நான்காவது காரணம் தூரம். தொடக்கப் பள்ளி பக்கத்தில் இருக்கும். உயர்நிலைப் பள்ளி நாலு மைல் தள்ளி இருக்கும். பையனை அனுப்புவார்கள். பெண்ணை நிறுத்துவார்கள்.

கதவு திறந்தது

கதவைத் திறந்தால் என்ன நடக்கும்?

2006இல் பீகார் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 9ஆம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் கூடினார்கள். தூரத்து ஊர்ப் பெண்களுக்குத்தான் இதில் அதிகப் பலன். ஒரு சைக்கிள் தூரத்தைக் குறைத்தது.

கேரளத்தில் ஊர் ஊராக எழுத்தறிவு இயக்கம் நடந்தது. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் பெரிய கூட்டம். கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்ற அறிவிப்பை அங்கே படித்தவர் ஆயிஷா. மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. அவரும் இயக்கத்தில் புதிதாக எழுத்துக் கற்றவர்தான்.

இனி நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 1951இல் பெண்களில் 100க்கு 9 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். 2011இல் 65 பேர்.

1991இல் நாட்டு மக்களில் 100க்கு 52 பேர் எழுத்தறிந்தவர்கள். தாழ்த்தப்பட்ட மக்களில் 37 பேர்தான். வித்தியாசம் 15. இருபது ஆண்டு கழித்து 2011இல் நாடு 73, தாழ்த்தப்பட்ட மக்கள் 66. வித்தியாசம் 7 ஆகக் குறைந்தது. முன்னால் போனவர்கள் நிற்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

மிசோரமும் நிற்கவில்லை. 2025 மே மாதம் அது முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

சட்டமும் இன்று நம் பக்கம் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை உண்டு. இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது நமக்கு யாரும் போடும் பிச்சை இல்லை.

ஆனால் பள்ளியில் பேர் எழுதினால் மட்டும் போதாது. படிக்கட்டில் மேலே ஏற ஏற ஆட்கள் குறைகிறார்கள். 5ஆம் வகுப்பில் சிலர் நிற்கிறார்கள். 8ஆம் வகுப்பில் இன்னும் சிலர். அங்கே முதலில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். மேலே சொன்ன அதே வீட்டுப் பிள்ளைகள்தான்.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது உங்கள் வீட்டிலும் கேட்பார். "எழுதப் படிக்கத் தெரியுமா?" "தெரியும்" என்று நீங்களே சொல்லுங்கள். நாட்டுக் கணக்கில் ஒரு ஆள் கூடும். படித்ததை விட்டுவிடாமல் தினம் நாலு வரி படித்து வாருங்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? ஆண், பெண் என்று தனித்தனியே எண்ணி எழுதுங்கள்.

2. பள்ளிக்குப் போகாத பிள்ளை யாராவது உண்டா? பாதியில் நின்ற பிள்ளை உண்டா? காரணம் என்ன?

3. உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எந்த வகுப்பில் நிற்கிறார்கள்? மேலே படிக்க வைக்க ஊரார் என்ன செய்யலாம்?

4. "எங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?