முன்பணம் கட்டுமுன் முழங்கால் போட்டுப் பாருங்கள்!

கிள்ளானில் இரவு, பகல் என முறைமாற்றி வேலை செய்யும் மகளுக்காக 52 வயதுத் தகப்பனார் ஒருவர் காடி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய வண்டிக்குக் கையில் பணம் போதாது. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கப்பட்ட மூன்றாம் கணக்கிலிருந்து சில ஆயிரம் வெள்ளி எடுத்து, பழைய காடிக்கு முன்பணம் கட்டலாம் என்பது அவர் எண்ணம். வயதான காலத்துக்கென்று சேர்ந்த பணம் அது. அதை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியில் போட்டுவிட்டால், நட்டம் காடியோடு நிற்காது.

அவர் கண் வைத்திருப்பது ‘கிராஸ்ஓவர்’ எனப்படும், சற்றே உயரமான சிறிய ரக வண்டி. ஹோண்டா எச்ஆர்-வி 2015லும், புரோட்டோன் எக்ஸ்50 2020 அக்டோபரிலும், பெரோடுவா அத்திவா 2021 மார்ச்சிலும் நம் நாட்டில் அறிமுகமாயின. அவற்றை முதலில் வாங்கியவர்கள் இப்போது விற்கத் தொடங்கிவிட்டதால், பழைய காடிக் கடைகளில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன. பார்க்க ஜீப் மாதிரி இருந்தாலும் இவை சாதாரணக் காடியின் அடித்தளத்தில் கட்டப்பட்டவை. முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். உயரம் ஏறி இறங்க வசதி, அவ்வளவே. “உயரமான வண்டி, வெள்ளம் ஒன்றும் செய்யாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் காடிகளின் கூரை வரை தண்ணீர் ஏறியதை நாடே பார்த்தது.

அப்படி நனைந்த வண்டியைக் கழுவி, வாசனை தெளித்து, மெருகேற்றி நிறுத்திவிட்டால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் எளிதில் கழுவ மாட்டார்கள். சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். பிறகு முழங்கால் போட்டு, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் ஆணிகளில் துரு உண்டா என்று கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். பின்னால் உபரிச் சக்கரம் இருக்கும் குழியையும் விடக்கூடாது. தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நனைந்த மின்கம்பிகள் உடனே கெடுவதில்லை. பல மாதங்கள் கழித்து, நள்ளிரவில் நெடுஞ்சாலை நடுவே காடி நின்றுபோகும்போதுதான் உண்மை வெளிவரும்.

அடுத்தது மீட்டர். எண்ணைக் குறைப்பது இன்று பெரிய வித்தையல்ல. ஆனால், மீட்டரைத் திருத்துகிறவர் டயரை மறந்துவிடுவதுண்டு. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 1224 என்றால், 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2021இல் பதிவான வண்டி, மீட்டர் காட்டுவதோ 28,000 கிலோமீட்டர், நான்கு டயரும் 2024இல் செய்யப்பட்டவை. அப்படியானால் முதல் டயர்கள் எங்கே போயின? நியாயமான காரணமும் இருக்கலாம். விற்பவர் அதைச் சொல்லட்டும். பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் தேய்ந்து பளபளக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை விளங்கிவிடும்.

எது நம்பகமான வண்டி என்ற கேள்விக்கு, பெயரைச் சொல்லிப் பதில் சொல்ல முடியாது. பழைய எச்ஆர்-வியில் பெரும்பாலானவை டர்போ இல்லாத 1.8 லிட்டர் இயந்திரம் கொண்டவை. அத்திவாவுக்கு 1.0 லிட்டர் டர்போ. சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான். இவ்விரண்டும் சிவிடி கியர்பெட்டியில் ஓடுபவை. 2020இல் வந்த எக்ஸ்50க்கு 1.5 லிட்டர் டர்போவும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியும். கியர்பெட்டி எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் எந்தப் பெட்டியும் பழிவாங்கும்; பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆகவே சேவைப் புத்தகம் முழுமையாக உள்ள சுமாரான நிறத்துக் காடி, புத்தகமே இல்லாத பளபளப்பான காடியைவிட மேல். வாங்குமுன் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டறை போர்மேனிடம் சில நூறு வெள்ளி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்வது வீண்செலவு அல்ல. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதுவே பதில்.

“புஸ்பகோம் பாஸ் ஆன காடி” என்று சொல்வதைக் கேட்டு மயங்குவோர் உண்டு. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் சேசி எண்ணும் இயந்திர எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா என்பதே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. அது தேவையான பரிசோதனைதான். ஆனால் கியர்பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. பழைய வங்கிக் கடன் தீர்ந்ததா, சம்மன் நிலுவை உண்டா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டுத் தெளிவது நல்லது. இன்னொன்று: காப்புறுதியில் கிடைக்கும் என்சிடி கழிவு முன்னாள் உரிமையாளரோடு போய்விடும். அது காடியோடு வராது.

கடன் காலமும் கவனிக்கத்தக்கது. ஐந்து வயதுக் காடிக்கு ஏழாண்டுத் தவணை என்றால், கடைசித் தவணை கட்டும்போது காடிக்குப் பன்னிரண்டு வயது. மாதத் தவணை குறைவாகத் தெரிவதற்காகக் காலத்தை நீட்டினால், தவணையும் பழுதுச் செலவும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

தகப்பனார் மகளையும் உடன் அழைத்துப் போவது நல்லது. ஓட்டப் போகிறவர் அவர்தானே. காலையில், சொல்லாமல் போக வேண்டும். போனதும் முதலில் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்கட்டும். குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கினால்தான் புகையும் தடதடப்பும் தெரியும். பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், “நாளைக்கு வருகிறோம்” என்று சொல்லிவிட்டு இருவரும் ஒரு தே தாரேக் குடிக்கப் போய்விடலாம்.