மெயில் போச்சு, ஆனா போய்ச் சேர்ந்ததா? சொந்த சர்வர் வைப்பவர்களின் தலைவலி

மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன சர்வர் வாடகைக்குக் கிடைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற இலவச மென்பொருள்களை அதில் நிறுவினால், ஒரு வார இறுதிக்குள் சொந்த டொமைனில் மின்னஞ்சல் தயார். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் யாருக்கும் கட்ட வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் மெயிலை அனுப்பிய பிறகுதான் சிக்கலே.

சர்வரின் பதிவில் ‘250’ என்று இருக்கும். ‘வாங்கிக்கொண்டேன்’ என்று எதிர்முனை சர்வர் சொல்லும் எண் அது. வாங்கிய மெயிலை இன்பாக்ஸில் போட்டதா, ஸ்பேமில் தள்ளியதா என்பதை அது சொல்லாது. கொட்டேஷன் அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார். ‘அவர் அனுப்பவே இல்லையே’ என்று வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துவிடுவார். மெயில் திரும்பி வந்தாலாவது விஷயம் தெரியும்!

ஏன் இவ்வளவு சந்தேகம்?

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-ல் வெளியானது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் வழி அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பிற்பாடு வந்தவை மூன்று. ஒரு டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம் டி.கே.ஐ.எம். இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைன்காரர் சொல்லிவைப்பது டிமார்க்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கறாராகிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. இன்பாக்ஸுக்கு வந்த 1,000 மெயிலில் மூன்று பேர் ‘ஸ்பேம்’ பட்டனைத் தட்டினாலே போச்சு. குறைவாக அனுப்புபவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஐ.பி. எண்ணை வைத்து சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்கும் பி.டி.ஆர். பதிவும் வேண்டும், அதைப் பெரும்பாலும் சர்வர் வாடகைக்குத் தருபவர் மூலம்தான் மாற்ற முடியும்.

எல்லாம் செய்தும் ஸ்பேமா?

இவையெல்லாம் அடையாள அட்டை மாதிரி. ஆள் யார் என்று காட்டும், நல்லவரா என்று காட்டாது. அதைத் தீர்மானிப்பது ஐ.பி. முகவரிக்கும் டொமைனுக்கும் இருக்கும் பெயர். வாடகை சர்வரின் ஐ.பி.யை முன்பு ஒரு மோசடிக்காரர் வைத்திருந்தால், அந்தக் கெட்ட பெயர் புதியவர் தலையில் விழும். பக்கத்து ஐ.பி.க்காரர் செய்த தப்புக்கு மொத்த வரிசையுமே தடைப்பட்டியலில் ஏறுவதும் உண்டு. 1998 முதல் இயங்கும் ஸ்பேம்ஹாஸின் பட்டியல்கள் இதில் பிரபலம். வீட்டு பிராட்பேண்ட் ஐ.பி.க்களை மெயில் சர்வர்கள் பொதுவாக ஏற்பதே இல்லை.

நல்ல பெயர் எடுக்க, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறார்கள். தினம் இருபது மெயில் அனுப்பும் சின்ன அலுவலகம் எதைக் கூட்டுவது? கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில்கூட, குறைவாக அனுப்புபவர்களுக்குத் தகவலே காட்டாது. ஸ்பேமைத் தடுக்க வந்த ஏற்பாடு, ஒழுங்காக இருக்கும் சின்ன ஆட்களுக்குத்தான் அதிகம் வலிக்கிறது.

அப்போ என்ன வழி?

சர்வர் எடுத்ததுமே அதன் ஐ.பி. தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். இருந்தால் வேறு ஐ.பி. கேட்பது நல்லது. போர்ட் 25 திறந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். பல கிளவுட் நிறுவனங்கள் அதை மூடியே வைத்திருக்கின்றன.

பலர் பாதி வழியில் நிற்கிறார்கள். வரும் மெயில் சொந்த சர்வருக்கு, போகும் மெயில் மட்டும் அமேசான் எஸ்.இ.எஸ். மாதிரியான ரிலே சேவை வழியாக. அப்படி மாறும்போது ரிலேவுக்கான எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளை டொமைனில் சேர்த்தாக வேண்டும். மறந்தால், காசு கொடுத்து அனுப்பும் மெயிலும் ஸ்பேமுக்குத்தான் போகும்.