முதலில் பிளக் பாயின்ட், பிறகு ஸ்கூட்டர்

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பதுதான். கம்பெனிகளும் அந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆனால் சென்னை போன்ற நகரத்துக்குள் ஓட்ட வண்டி தேடுபவர் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இரவில் வண்டி நிற்கும் இடத்தில், சொந்த மீட்டரிலிருந்து வரும் பிளக் பாயின்ட் உண்டா? உண்டு என்பவருக்கு, சந்தையில் உள்ள நடுத்தர வண்டிகளே தாராளம். இல்லாதவருக்கு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் தினசரித் தலைவலிதான்.

விளம்பரத்தில் வரும் தூரம் பரிசோதனைக் கூடத்தில் அளந்தது. பின்னால் ஓர் ஆள், மேம்பால ஏற்றம், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவது எல்லாம் சேர்ந்தால் அது கணிசமாகக் குறையும். எனவே பேட்டரியின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது. நகர ஓட்டத்தில் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட்-மணி மின்சாரம் எடுக்கும். 3 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர் ஆகலாம். பேட்டரிக்கு வயதாகி அதன் திறன் 70 சதவீதத்துக்கு இறங்கினாலும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடும். அதைவிடப் பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் பணம், வருடத்தில் சில நாள் மட்டும் தேவைப்படும் தூரத்துக்கான விலை.

பிளக் பாயின்ட் என்றால் ஏதோ ஒரு பிளக் அல்ல. 750 வாட் சார்ஜர் எடுப்பது 3 ஆம்பியரை ஒட்டிய மின்சாரம்தான். ஆனால் நான்கைந்து மணி நேரம் விடாமல் எடுக்கும். மெல்லிய ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், பிடிப்பு தளர்ந்த பிளக்கில் இப்படிச் சார்ஜ் போட்டால் அந்த இடம் சூடேறும். எர்த் சரியாக இருக்கும் 15 ஆம்பியர் பிளக், அதற்கென்று தனி எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய மூன்றும் வேண்டும். சென்னை அடுக்குமாடிகள் பலவற்றில் மீட்டர் பெட்டிகள் தரைத்தளத்தில் பார்க்கிங்கை ஒட்டியே இருப்பதால், சொந்த மீட்டரிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு லைன் இழுப்பது எலக்ட்ரீஷியனுக்குப் பெரிய வேலையல்ல. பொது மீட்டரில் சார்ஜ் போடுவதால் அசோசியேஷனில் எழும் சண்டைக்கும் இதுவே தீர்வு.

வீட்டு மின்சாரத்தில்தான் செலவு மிச்சமாகிறது. 100 கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, 3.5 யூனிட் போதும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 35 ரூபாய். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், அதே தூரத்துக்கு 220 ரூபாய். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 16,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் கூடிவிடும். அந்த விளிம்பில் இருக்கும் வீடுகள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தினம் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு, வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலை திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

பொது சார்ஜிங் நிலையங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை அவசரத்துக்கு உதவும். தினமும் நம்பியிருக்க முடியாது. எல்லா வண்டிக்கும் ஒரே கனெக்டர் என்ற நிலை இன்னும் வரவில்லை. மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு, கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி உள்ள மாடல்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட பேட்டரி ஒன்றின் எடை 10 கிலோவைத் தாண்டலாம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தினமும் அதைத் தூக்க முடியுமா என்று வாங்கும் முன்பே தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. 2022இல் நடந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் தயாரான பழைய வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜ் போடாமல், சூடு தணிய விட வேண்டும். வெள்ளம் அடுத்த கவலை. ஐபி67 தரம் சொல்வது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதை மட்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தாழ்வான பகுதியில் இருப்பவர் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்தாமல் முழுக் காப்பீடு எடுப்பது அவசியம்.

பிளக் உறுதியானபின் பார்க்க வேண்டியது சர்வீஸ். கன்ட்ரோலர், சாஃப்ட்வேர் கோளாறுகளைத் தெருமுனை மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது. எனவே வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, உதிரிபாகம் வர எத்தனை நாளாகிறது என்பதை, அங்கே வண்டி விட வந்தவர்களிடமே கேட்க வேண்டும். பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு என்பதோடு, திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் பார்க்க வேண்டும். வேகமும் தொடுதிரையும் இவற்றுக்குப் பிறகுதான். வீட்டு உரிமையாளர்களுக்கும் அசோசியேஷன்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு: குடியிருப்பவர் தம் செலவில், தம் மீட்டரிலிருந்து பாதுகாப்பாக ஒரு லைன் இழுக்கக் கேட்டால் மறுக்கக் கூடாது. மானியம் வண்டியின் விலையைக் குறைக்கும். அந்த வண்டி தினமும் ஓடுவதற்கு அவர்களின் சம்மதமும் வேண்டும்.